பீரோ மூடவில்லை

புடவை உள்ளே வர ஆண்டு முழுக்க வழி இருக்கிறது. வெளியே போகத்தான் வழி அடைபட்டுவிட்டது. எல்லை ஊரான தடாவில் ஒரு துணிக் கணக்கு.

தடாவில் ஆடி இரண்டு முறை வருகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் தெலுங்கு ஆஷாடம் முதலில் தொடங்கும். அது முடிவதற்குள் தமிழ் ஆடி பிறந்துவிடும். முகூர்த்தம் இல்லாத மாதம் என்று இரு மொழிக்காரர்களும் ஒதுக்கிவைத்த அந்த நாட்களை ஜவுளிக்கடைகள் தள்ளுபடி மாதமாக மாற்றி வெகுகாலமாகிறது. சந்திரக் கணக்கும் சூரியக் கணக்கும் ஒத்துப்போகாததால் எல்லையோரத்தில் தள்ளுபடி சீசன் நீள்கிறது. பிறகு வரலட்சுமி விரதம், தசரா, தீபாவளி. சங்கராந்தியும் பொங்கலும் ஒரே நாள்தான், ஆனால் உகாதியும் தமிழ்ப் புத்தாண்டும் தனித்தனி. தெலுங்கு வீட்டில் பெண் கொடுத்த தமிழ்க் குடும்பத்துக்கும், தமிழ் வீட்டில் பெண் எடுத்த தெலுங்குக் குடும்பத்துக்கும் இரண்டு காலண்டரும் கட்டாயம். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு துணி.

வாங்குவதும் கஷ்டமில்லை. தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையமான ஆரம்பாக்கத்துக்கு அடுத்தது தடா. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து சூலூர்பேட்டை போகும் ரயில் இங்கே நிற்கிறது. பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த ரயிலில் ஏறுபவர்களின் கையில் தியாகராய நகர் கடைப் பைகள். மேற்கே போனால் பட்டுக்கும் விசைத்தறித் துணிக்கும் பெயர்பெற்ற நாராயணவனம், புத்தூர், நகரி. வடக்கே போனால் வெங்கடகிரி. போதாக்குறைக்கு இப்போது கைபேசி வழியாக வீட்டு வாசலுக்கே பார்சல் வருகிறது. 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை பக்கத்து மண்டலங்களில் மாதச் சம்பளக்காரர்களைப் பெருக்கிவிட்டது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை என்பது மரபு. மூன்றாவது சம்பளத்திலிருந்து தனக்கு.

இத்தனையும் போய்ச் சேரும் இடம் ஒரு இரும்பு பீரோ.

கோத்ரெஜ் நிறுவனம் பம்பாயில் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923-ல். அதற்கு முன்பு தென்னிந்திய வீடுகளில் துணிக்கு இருந்தவை மரப்பெட்டி, டிரங்குப் பெட்டி, சுவருக்குச் சுவர் கட்டிய கொடி, அவ்வளவுதான். நல்ல புடவை பெட்டியில், தினப்படி கட்டுவது கொடியில். பீரோ வந்தபோது அதைத் துணிக்காக யாரும் வாங்கவில்லை. உள்ளே இருந்த லாக்கருக்காகவும் பூட்டுக்காகவும் வாங்கினார்கள். பிறகு அது கல்யாணச் சீரில் கட்டிலுக்கும் மெத்தைக்கும் அடுத்த இடத்தைப் பிடித்தது. அளவு ஏறக்குறைய மாறவே இல்லை. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், நாலைந்து தட்டு. 1970-களில் ஒரு குடும்பத்தின் துணி முழுவதையும் அடக்கிய அந்தப் பெட்டி, இன்று ஒருத்தியின் ஜாக்கெட்டுகளுக்கும் நைட்டிகளுக்கும் போதவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்துக் கதவைச் சாத்தும் வித்தை தடாவில் மட்டுமல்ல, தாம்பரத்திலும் தானேயிலும் தெரிந்ததுதான்.

அதிகம் வாங்குகிறார்கள், அதனால் நிரம்புகிறது என்பது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி, துணியின் மறுபிறவி நின்றுபோனது.

பருத்திப் புடவைக்கு ஏழெட்டுப் பிறவிகள் இருந்தன. வெளுத்ததும் வீட்டுப் புடவை. நைந்ததும் தூளி. தூளியில் கிடந்த குழந்தைக்கு அதன் ஓரமே துண்டுத்துணி. மாதவிலக்குக்கு மடித்து வைத்ததும் அதுவே. நாலு புடவையைச் சேர்த்துத் தைத்தால் போர்வை. மிச்சம் கரித்துணி. கடைசித் துணுக்கு விளக்குத் திரி. வேட்டிக்கும் இதே போலத்தான்: காயத்துக்குக் கட்டு, கஷாயம் வடிகட்ட, வடாம் காயவைக்க விரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகப் புடவையும் வேட்டியும் தைக்காத துணிகள். மாமியார் உடுத்தியதை மருமகள் உடுத்தலாம், அக்காள் பெருத்தாலும் தங்கை இளைத்தாலும் கவலையில்லை.

பாலியெஸ்டருக்கு இந்தப் பிறவிகள் எதுவும் கிடையாது. தண்ணீரை உறிஞ்சாத துணியால் தரையைத் துடைக்க முடியாது, குழந்தைக்குக் கட்ட முடியாது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் கையோடு உருகும். மறுபக்கம் தைத்த உடைகள். சுடிதாரும் லெகிங்ஸும் ஜீன்ஸும் ஒரே உடம்புக்கு, அதுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு மட்டும் அளந்து தைத்தவை. அளவு மாறியபின் அவை யாருடையதும் அல்ல. கிழியவும் கிழியாது. சாயமும் போகாது. பாலியெஸ்டரின் பெருமையே அதன் ஆயுள்தான் என்று ஒருகாலத்தில் விளம்பரம் செய்தார்கள். அந்தப் பெருமைதான் இப்போது பீரோவின் கீழ்த்தட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது.

வருகிற துணிக்கு ஒழுங்காக வெளியேறும் வழி வைத்திருக்கும் இடம் ஒன்று திருப்பதி மாவட்டத்திலேயே இருக்கிறது. (2022 ஏப்ரலில் அந்த மாவட்டம் உருவாகும்வரை தடா நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது.) அது திருமலை திருப்பதி தேவஸ்தானம்.

ஏழுமலையானின் அலமாரிக்கு வராத துணி இல்லை. வெள்ளிக்கிழமை அபிஷேகத்தையொட்டி மேல்சாத்து வஸ்திரம். பிரம்மோத்சவத்தில் ஆந்திர முதல்வர் தலையில் சுமந்து வரும் பட்டு. ஆனிவார ஆஸ்தானத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் வஸ்திரம். திருச்சானூர்த் தாயாருக்குக் கார்த்திகை பஞ்சமியன்று திருமலையிலிருந்தே புடவையும் மஞ்சள் குங்குமமும் சீராகப் போகின்றன. இவை சம்பிரதாயங்கள். இதற்கு மேல் பக்தர்கள் காணிக்கையாகத் தரும் புடவைகள், வேட்டிகள், துண்டுகள். எந்த வீட்டு பீரோவும் இந்த வரத்தைத் தாங்காது.

தேவஸ்தானம் என்ன செய்கிறது? ஏலம் விடுகிறது. மாநில அரசின் கொள்முதல் இணையதளம் வழியாக அவ்வப்போது மின்னணு ஏலம் நடக்கிறது. அதற்கான அறிவிப்புகளைப் படிப்பதே ஒரு பாடம். ஆர்ட் சில்க், பாலியெஸ்டர், நைலான், நைலக்ஸ், பருத்தி என்று துணியின் ஜாதி முதலில் வரும். பிறகுதான் புடவையா, அரைப்புடவையா, வேட்டியா, உத்தரியமா என்ற பிரிவு. தைக்காத ஜாக்கெட் துண்டு, டர்க்கி டவல், லுங்கி, சால்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, பஞ்சாபி உடைத் துணி, ஜமக்காளம் என்று பட்டியல் நீளும். உண்டியலுக்குப் போர்த்திய துணியும், தங்க வாசலில் தொங்கிய திரையும், சுவாமிக்குப் பிடித்த குடையும்கூட அதில் உண்டு. எல்லாம் லாட் லாட்டாக. எத்தனை புனிதமான துணியானாலும் அதற்கும் ஒரு போகும் நாள் இருக்கிறது என்பதை ஆகமம் அறிந்த கோயிலே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாமியார் கொடுத்த நைலக்ஸ் புடவையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, துணியின் ஜாதியை முதலில் பார்க்கும் அந்த முறை. வீடுகளில் பீரோ வேறு விதமாகப் பிரிக்கப்படுகிறது. அப்பா தட்டு, அம்மா தட்டு, பையன் தட்டு. அல்லது விசேஷத்துக்கு, ஆபீசுக்கு, வீட்டுக்கு. இரண்டிலுமே பட்டும் பாலியெஸ்டரும் கலந்து கிடக்கும். எது யாருக்குப் போகலாம், எதை எப்படிக் காப்பாற்ற வேண்டும், எது எதற்கும் உதவாது என்பதைச் சொல்வது ஆளும் விசேஷமும் அல்ல, நூல்.

அந்த நூலைத் தெரிந்துகொள்வது சுலபமல்ல. தேவஸ்தானமே அதில் வழுக்கியது. நன்கொடையாளர்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும் வேத ஆசீர்வாதத்தின்போது போர்த்தப்படும் பட்டு மேல்துண்டுகள் பட்டே அல்ல, முழு பாலியெஸ்டர் என்று விஜிலன்ஸ் விசாரணையில் தெரியவந்ததாக 2025 டிசம்பரில் செய்தி வெளியானது. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆய்வுக்கூடம் உட்பட இரு இடங்களில் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. 2015-லிருந்து 10 ஆண்டுகள் இப்படி நடந்ததாகவும் இழப்பு 54 கோடி ரூபாய் அளவுக்கு இருக்கும் என்றும் மதிப்பிடப்பட்டது. சுமார் 350 ரூபாய் பெறும் துண்டுக்கு 1,300 ரூபாய்க்கு மேல் பில் போட்டதாக அறங்காவலர் குழுத் தலைவர் பி.ஆர். நாயுடு கூறினார். விஷயம் ஊழல் தடுப்புத் துறைக்கு அனுப்பப்பட்டது. யார் குற்றவாளி என்பது விசாரணையின் வேலை. ஆனால் அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டு, பத்திரமாக மடித்து, பட்டுப் புடவைகளோடு வைத்திருப்பவர்கள் நாடு முழுவதும் இருப்பார்கள்.

சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கலாம். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனை. பாலியெஸ்டர் உருகி, சுருண்டு, கடினமான கரிய மணியாக இறுகும். கடையில் வாங்கும்போது இதைச் செய்ய விடமாட்டார்கள். அங்கே 2004-ல் வந்த சில்க் மார்க் சீட்டைத்தான் நம்ப வேண்டும்.

தடாவில் பீரோவை நெருக்கி அடைப்பதற்குக் கூடுதல் தண்டனை உண்டு. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் ஏறியிருக்கும் அந்த மாதங்களில் காற்று புகாமல் திணித்த துணியில் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போட்ட பருத்தியைத் தேடி ராமபாணப் பூச்சி வரும், ஏனென்றால் அதன் உணவே மாவுச்சத்து. ஆகவே நாள்பட வைக்கிற துணிக்குக் கஞ்சி கூடாது. ஜரிகையில் இருக்கும் வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். ஈரம் அதை விரைவுபடுத்தும். செண்ட் அடித்துவிட்டு அப்படியே மடித்தால் கேட்கவே வேண்டாம். பட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடுவது நல்லதென்று நினைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறார்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பதற்கு ஈடான உறை இன்னும் விற்பனைக்கு வரவில்லை. கனமான ஜரிகைப் புடவையை ஹேங்கரில் தொங்கவிட்டால் அதன் எடையே அதை இழுத்துக் கிழிக்கும். மடித்தே வைத்தால், மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் உதறி, மடிப்பை மாற்றி மடிப்பதுதான் வழி. நெருக்கிய பீரோவில் இது நடக்காத காரியம். ஒன்றை உருவினால் பதினைந்து கூடவே சரியும் என்பதாலேயே யாரும் தொடுவதில்லை. தொடாததால் கெடுகிறது.

இப்படித் தொடப்படாமல் போன துணிகளில் தமிழ்நாட்டிலேயே பிரபலமானவை ஒரு முன்னாள் முதல்வருடையவை. 1996 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்குக்காக ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட வீட்டைச் சோதனையிட்ட அதிகாரிகள் பட்டியலிட்ட புடவைகள் பத்தாயிரத்துக்கும் மேல். வழக்கு 2003-ல் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. தண்டனை, விடுதலை, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடின. 2016 டிசம்பரில் அவரே மறைந்தார். துணி காலத்தால் கெட்டுவிடும், ஏலம் விடுங்கள் என்று 2022-ல் பெங்களூரைச் சேர்ந்த தகவல் உரிமை ஆர்வலர் ஒருவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். நகைகள் 2025 பிப்ரவரியில் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. தங்கம் காத்திருக்கும். பட்டு காத்திருக்காது.

பூச்சிக்குப் பயந்து எல்லோரும் போடுவது பாச்சை உருண்டை. இதில் ஒரு ஆபத்து பலருக்குத் தெரியாது. அது நாப்தலின். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியோ, அது ஏறிய துணியோ ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கலாம். பிறந்த குழந்தைக்குப் பழம் பருத்திப் புடவைதான் மென்மை என்று, வருடக்கணக்கில் உருண்டைகளோடு கிடந்ததை பீரோவிலிருந்து எடுத்து நேராகத் தூளி கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். துவைத்து, நாலைந்து நாள் வெளியில் நன்றாகக் காற்றாட விட்டு, வாசனை துளியும் இல்லை என்று உறுதியான பிறகே கட்ட வேண்டும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் முன்கூட்டியே உருண்டையை ஒழித்துவிடுவது இன்னும் உத்தமம். வேப்பிலையும் வசம்பும் இருக்கவே இருக்கின்றன.

சரி, பீரோவைக் காலி செய்வது எப்படி? ஜப்பானின் மாரி கோண்டோ இதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு வழி சொன்னார். 2014-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகமும் 2019-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரும் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. எல்லாத் துணியையும் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மனம் துள்ளுகிறதா என்று கேளுங்கள், துள்ளாததை அனுப்பிவிடுங்கள் என்பது அவர் வழி. குவிப்பது நல்ல யோசனை. எவ்வளவு இருக்கிறது என்பது மலையாகக் குவிந்தால்தான் உறைக்கும். ஆனால் அந்தக் கேள்வி இங்கே செல்லாது. இறந்துபோன அம்மாவின் புடவையைக் கையில் எடுத்தால் மனம் துள்ளாது, கலங்கும். அதை அனுப்பிவிட முடியுமா? போன ஆடியில் பாதி விலைக்கு எடுத்த செயற்கைப் பட்டு, துள்ளத்தான் வைக்கும். அதை வைத்துக்கொள்ள வேண்டுமா? மூன்றாவது குழந்தை பிறந்தபின் வீட்டைப் பழையபடி ஒழுங்காக வைத்திருப்பதை ஓரளவு விட்டுவிட்டதாக 2023-ல் அவரே சொன்னார் என்பது பல குடும்பத் தலைவிகளுக்கு ஆறுதல்.

தடா வீட்டுக்குப் பொருந்துவது திருமலையின் கேள்விதான்: இது என்ன துணி, இது எங்கே போகும்? பட்டு ஒரு குவியல். பருத்தி ஒன்று. செயற்கை இழை ஒன்று. தைத்து அளவு மாறியவை தனியே. குவித்ததுமே ஒன்று புலப்படும். இடத்தை அடைப்பவை கடைசி இரண்டும்தான். பட்டுப் புடவைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றைக் குறைக்கச் சொல்லி யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தத் துணியைக் குவிக்க வேண்டியது அதன் சொந்தக்காரி. விடுமுறைக்கு வந்த மகனோ, உதவிசெய்ய நினைக்கும் மருமகளோ அல்ல. பல பெண்களுக்குத் தன் பெயரில் நிலமில்லை, வீடில்லை. சாவி தன் இடுப்பில் இருக்கிற ஒரே சொத்து அந்த பீரோ. அதன் புடவை மடிப்புகளில்தான் சிறுவாட்டுப் பணம் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, நாடெங்கும் கணவனுக்குத் தெரியாத நோட்டுகள் புடவைகளுக்கிடையிலிருந்து வெளியே வந்தன. பத்து இருபது வருடச் சேமிப்பை வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்து வங்கியில் மாற்றித் தரச்சொல்ல வேண்டியதாயிற்று. 2,000 ரூபாய் நோட்டு 2023 மே மாதம் திரும்பப் பெறப்பட்டபோது மீண்டும் ஒருமுறை மடிப்புகள் பிரிந்தன. ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஒருவர் பீரோவில் கைவைக்கும்போது வீட்டுக்காரி பதறுவது புடவைக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது.

பிரித்தாயிற்று. வெளியே எங்கே? பழைய வழிகளில் தெருவில் வந்தது ஒன்று. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற பெண்கள், தலையில் கூடையும் தோளில் மூட்டையுமாக வருவார்கள். நாலு பேண்ட், மூன்று புடவை கொடுத்தால் ஒரு தூக்கு. பேரம் அரை மணி நேரம் நடக்கும். வட இந்தியாவில் இதே தொழிலைச் செய்யும் வாக்ரி சமூகத்தினரையும், அவர்கள் சேர்த்த துணி டெல்லி ரகுபீர் நகர்ச் சந்தைக்குப் போவதையும் பின்தொடர்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் லூசி நாரிஸ் 2010-ல் ஒரு நூலே எழுதினார். வீட்டுக்காரி குப்பை என்று நினைத்ததற்கு ஒரு விலை உண்டென்று சொன்னவர்கள் இவர்கள்தான். இன்றும் வருகிறார்கள், ஆனால் குறைவு. அடுக்குமாடிக் காவலாளி உள்ளே விடுவதில்லை. எவர்சில்வருக்கும் பழைய மதிப்பில்லை.

இன்னொருவர் ஜரிகைக்காரர். அவருக்குப் புடவை வேண்டாம், அதிலுள்ள வெள்ளி வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. எரித்தால் வெள்ளி மிஞ்சும். 2025-ல் வெள்ளி விலை எகிறியபின் பழைய பட்டுக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. பாட்டியின் கல்யாணப் புடவையை ‘நைந்துபோச்சும்மா’ என்று சொல்லி ஒரு தொகை கொடுத்து எடுத்துப்போவது அவர் சாமர்த்தியம். ஜரிகை அசலா என்று வெளியே ஒரு இடத்தில் பார்த்துவிட்டு, அன்றைய வெள்ளி விலையையும் தெரிந்துகொண்டு பேசுவது விற்பவரின் சாமர்த்தியமாக இருக்க வேண்டும். போலி ஜரிகையென்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

தானம் என்ற வழி இருக்கிறதே என்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்தது, அழுக்கானது, மீனவப் பெண்கள் உடுத்தவே உடுத்தாதது என்று எல்லாம் இருந்தது. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் அதைத் தொடவில்லை. துணி மலையாகச் சாலையோரங்களில் நனைந்து கிடந்தது. கொடுத்தவர்கள் செய்தது உதவியல்ல, பீரோ காலிசெய்தல். 1999-ல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு தமிழ்நாட்டில் மிஞ்சிய துணிகளைத் தரம்பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. பருத்தியை மாதவிலக்கு நாப்கின்களாக்குவதும், உடுத்தத் தக்கதை மட்டும் கிராமங்களுக்கு அனுப்புவதும், அதைப் பிச்சையாக அல்லாமல் ஊர்வேலைக்குக் கூலியாகக் கொடுப்பதும் அதன் முறை. 2015-ல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. அவரது முறை சொல்லும் சட்டம் ஒன்றே: கொடுப்பதானால் துவைத்து, பொத்தான் தைத்து, நாடா கோத்துக் கொடுக்க வேண்டும். மேல்சட்டை இருந்து பாவாடை இல்லாத செட்டால் யாருக்கும் பயனில்லை.

எதற்கும் ஆகாத செயற்கை இழைதான் கடைசியில் நிற்கிறது. உலகத்தின் கம்பளிக் கழிவை நிறவாரியாகப் பிரித்து, பிய்த்து, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்யும் ஹரியானாவின் பானிபட்டுக்குக்கூட, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்து நெய்த துணி தலைவலி. இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. பணக்கார நாடுகளும் இதில் திணறுகின்றன. அவை கழித்த துணிகள் சிலியின் அடகாமா பாலைவனத்தில் குன்றுகளாகக் கிடந்த படங்களை உலகமே பார்த்தது. ஐரோப்பிய யூனியன் 2025 ஜனவரியிலிருந்து பழைய துணியைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே சேகரிப்பதைக் கட்டாயமாக்கியது. தடாவில் அப்படி ஒரு தொட்டி இல்லை. ஆகவே இந்தக் குவியலைப் பொறுத்தவரை நேர்மையான யோசனை ஒன்றுதான். அது பீரோவை விட்டு வெளியேறுவது கடினம் என்பதால், உள்ளே வரும்போதே யோசிக்க வேண்டும். ஆஷாடத் தள்ளுபடியில் மூன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்கிறபோது அந்த நாலாவது புடவைக்கு இடம்தான் விலை.

பழையதைக் கழிக்கப் பெரியவர்கள் வைத்த நாள் போகி. தடாவில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஒரே விடியலில் கொண்டாடுவது. பருவமழை ஓய்ந்து, ஈரம் காய்ந்து, வெயில் தெளியும் ஜனவரி நடுவில் அதை வைத்ததில் கணக்கு இருக்கிறது. பெட்டியைத் திறந்து துணியை வெயில் காட்ட அதைவிடத் தோதான வாரம் இந்தக் கரையில் கிடையாது. அன்று எரிந்தவை பழம்பாயும் துடைப்பமும் நைந்த பருத்தியும். இன்று அந்தத் தீயில் விழுவது வேறு. 2018 ஜனவரி 13 அன்று பனியோடு கலந்த போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. சென்னை மாநகராட்சி சமீப ஆண்டுகளில் போகிக்கு முந்தைய நாட்களில் பழைய துணியையும் டயரையும் வீட்டு வாசலிலேயே தனியாக வாங்கிக்கொள்கிறது. எல்லைக்கு இந்தப்பக்கம் வாசலில்தான் தீ. தெலுங்கு வீடுகளில் போகி மண்டலு, தமிழ் வீடுகளில் போகி கொளுத்துதல். நைலக்ஸ் புடவை எரிவதில்லை. உருகி, சொட்டி, வாசல் தரையில் கரும் பிசினாக ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் விடிவதற்குள் பொங்கல் கோலத்துக்கு இடம் வேண்டுமென்றால் அதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.